இரண்டு போனும் ஒரு நடையும்: லொக்கேஷன் பகிரும் ஆப்பைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு ஆப்பின் திரை வடிவமைப்பை மதிப்பிடச் சொன்னால், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்க்ரீன்ஷாட் எடுக்க ஆரம்பிப்பார்கள். நிறம் சரியா, எழுத்து போதிய அளவா, பட்டன் கண்ணில் படுகிறதா என்று குறித்துக்கொண்டே போவார்கள். மளிகை வாங்கும் ஆப் என்றால் அது ஓரளவு போதும். லொக்கேஷன் பகிரும் ஆப்புக்குப் போதாது. அதை ஒரே நேரத்தில் இரண்டு பேர், இரண்டு இடங்களில் இருந்து பயன்படுத்துகிறார்கள். ஒருவர் காட்டுகிறார், இன்னொருவர் பார்க்கிறார். காட்டுபவர் திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே பார்ப்பவர் திரையில் பொய் ஓடிக்கொண்டிருக்கலாம்.

எனக்கு இது புரிந்தது அத்தையால். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். "மேப்ல பாத்துக்கோ, எறங்குறப்ப வந்துடு" என்று சொல்லி, ஏதோ ஒரு ஆப்பில் லொக்கேஷனும் அனுப்பிவிட்டார். நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். புள்ளி விக்கிரவாண்டி பக்கத்தில் நின்றது. சரி, டீக்கடையில் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். அத்தை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி, எனக்காகக் காத்திருந்து, சலித்துப்போய் ஆட்டோ பிடித்து வீட்டு வாசலில் வந்து நின்றார். என் திரையில் அவர் அப்போதும் விக்கிரவாண்டியைத் தாண்டவில்லை. நடுவழியில் அவர் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. அது யார் தவறும் இல்லை. "இது இத்தனை மணி நேரத்துக்கு முந்தைய இடம்" என்று ஒரு வரிகூட எழுதாமல் பச்சைப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்ததுதான் ஆப்பின் தவறு.

கீழே உள்ள முறையை எந்த ஆப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். பழக்கத்துக்கு வாட்ஸ்அப்பையும் கூகுள் மேப்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இந்த வசதி 2017-ல் வந்தது, கிட்டத்தட்ட எல்லார் போனிலும் இருக்கிறது, இரண்டும் ஒரே வேலையை வேறு வேறு விதமாகச் செய்கின்றன.

தேவையானவை

இரண்டு போன், இரண்டு கணக்கு, கூட வர ஒரு ஆள். முடிந்தால் ஒன்று ஆண்ட்ராய்டு, ஒன்று ஐபோன். ஒன்றாவது மூன்று நான்கு வருடம் பழைய, பேட்டரி தளர்ந்த போனாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டிலும் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் ஓட வேண்டும். கடிகாரம் திரையில் தெரிய வேண்டும், ஏனென்றால் பிறகு இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "10:42-க்கு இவர் எங்கே இருந்தார், அவருக்கு எங்கே தெரிந்தது" என்று பார்க்கப் போகிறீர்கள்.

ஒரு நோட்டும் பேனாவும். நடந்துகொண்டே போனில் குறிப்பெழுத முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

1. பணிகளை எழுதிக்கொள்ளுங்கள், ஆப்பின் வார்த்தைகளில் அல்ல

சோதனைக்கு வருபவரிடம் "லைவ் லொக்கேஷன் ஷேர் பண்ணுங்க" என்று சொன்னால் பட்டனின் பெயரையே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். அவர் அந்த வார்த்தையைத் திரையில் தேடுவார், கிடைக்கும், சோதனை முடிந்தது. வாழ்க்கையில் வருவது போலவே சொல்லுங்கள்:

"ராத்திரி ஆட்டோவில் வீட்டுக்குப் போகிறீர்கள். வீடு சேரும் வரை உங்கள் தங்கை நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்."

"கல்யாண மண்டபம் எங்கே என்று சித்தப்பா கேட்கிறார். நீங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள்."

இரண்டாவது பணியைத் தவறாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் இப்போதைய இடத்தை ஒருமுறை அனுப்புவதும், நகர நகரக் காட்டுவதும், வேறொரு இடத்தைத் தேடி அனுப்புவதும் ஒரே திரையில் இருக்கின்றன. மண்டபத்தின் இடத்தை அனுப்புவதாக நினைத்துத் தன் வீட்டை அனுப்பிவிடுபவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் குடும்பக் குழுவிலும் பார்க்கலாம். சோதனையில் அது நடந்தால், ஆப் எந்த இடத்தில் அவரைத் தடுத்திருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மூன்று நான்கு பணிகள் போதும்: பார்ப்பவராக இருப்பது, நேரத்தை நீட்டிப்பது, நிறுத்துவது, யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது.

2. அனுமதி கேட்கும் நொடி

ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். முதல் முறை திறக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேறு வழி இல்லை.

ஐபோனில் முன்பே இருந்தது, 2019-ல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று அனுமதி தரும் வழி இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11-லிருந்து "எப்போதும் அனுமதி" என்பதை, அனுமதி கேட்டு வரும் சின்னப் பெட்டியிலேயே தர முடியாது. செட்டிங்ஸுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். ஆப் அவர்களைக் கையைப் பிடித்துச் செட்டிங்ஸ் வாசலில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறதா, இல்லை அங்கே எதைத் தொட வேண்டும், ஏன் என்று முன்பே சொல்கிறதா?

எல்லா அனுமதியும் தந்து ஒருமுறை, எதுவும் தராமல் ஒருமுறை சோதியுங்கள். அப்புறம் மூன்றாவதாக ஒன்று, பெரும்பாலானோர் மறந்துவிடுவது: தோராய இடம். ஐஓஎஸ் 14-லிருந்தும் ஆண்ட்ராய்டு 12-லிருந்தும் துல்லியமான இடத்தைத் தராமல் சுமாரான பகுதியை மட்டும் தரலாம். அப்படித் தந்தால் ஆப்புக்குத் தெரிவது சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டாரம்தான். அதைப் பார்ப்பவர் திரையில் வட்டமாகக் காட்டுகிறதா, இல்லை நடுவில் ஒரு பின்னைக் குத்தி யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நிறுத்துகிறதா? இரண்டாவது என்றால் அது பெரிய குறை.

3. பகிர ஆரம்பித்தல்: யாருக்கு, எவ்வளவு நேரம்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். மூன்று கேள்விகள். யாருக்குப் போகிறது என்று கடைசி பட்டனை அழுத்தும் முன் தெரிகிறதா? எவ்வளவு நேரம் என்று தெரிகிறதா? கேட்காமல் விட்டால் எது தானாகத் தேர்வாகிறது?

வாட்ஸ்அப் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு தருகிறது. நிரந்தரம் என்பதே கிடையாது. கூகுள் மேப்ஸில் நேரத்தை வைத்துக்கொள்ளலாம், "நிறுத்தும் வரை" என்றும் வைக்கலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. வயதான அப்பாவின் போனைத் தினமும் புதுப்பிக்கச் சொல்ல முடியாது. ஆனால் "நிறுத்தும் வரை" என்பதைத் தரும் ஆப், அதைப் பிறகு நினைவூட்டும் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

4. வெளியே கிளம்புங்கள்

உண்மையான சோதனை இதுதான், ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒருவர் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பவராக இருக்கட்டும். இன்னொருவர் நடக்கட்டும், பஸ் ஏறட்டும், ரயில் ஏறட்டும். பாதியில் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

வழியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் தந்திரம் வேண்டும். சென்னையில் நான் வழக்கமாக எடுப்பது கோயம்பேட்டிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ. கோயம்பேட்டில் ரயில் மேலே ஓடுகிறது, திருமங்கலத்துக்குள் போகும்போது பூமிக்கு அடியில் இருக்கிறது, அங்கிருந்து சென்ட்ரல் வரை வெளியே வருவதில்லை. சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் கிடைக்காது. செல் டவரையும் வைஃபையையும் வைத்துப் போன் எதையாவது ஊகிக்கும், இல்லையென்றால் கடைசி இடத்திலேயே நிற்கும். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் பார்ப்பவர் திரை என்ன சொல்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. உங்கள் ஊரில் மெட்ரோ இல்லையென்றால் பெரிய துணிக்கடையின் அடித்தளமோ, ஏதாவது ஒரு பார்க்கிங்கோ போதும். ஏரோப்ளேன் மோடில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தும் பார்க்கலாம், ஆனால் அது ரொம்பச் சுத்தமான சோதனை. நிஜத்தில் சிக்னல் அப்படி நறுக்கென்று அறுந்து நறுக்கென்று திரும்புவதில்லை.

பார்ப்பவர் குறித்துக்கொள்ள வேண்டியவை:

புள்ளியின் வயது. "இப்போது", "3 நிமிடம் முன்பு" என்று எழுதியிருக்கிறதா? அது புள்ளியின் பக்கத்திலேயே தெரிகிறதா, தொட்டால்தான் தெரிகிறதா? பழசாகப் பழசாக நிறம் மங்குகிறதா? தொடர்பு அறுந்ததும், எதிராளி நிறுத்திவிட்டதும், ஒரே மாதிரி தெரிகின்றனவா? தெரியக்கூடாது. முதலாவது பயப்படவேண்டிய விஷயமாக இருக்கலாம், இரண்டாவது அவருடைய விருப்பம்.

புள்ளியின் துல்லியம். திறந்த வானத்தின் கீழ் ஒரு போன் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை கூடும். கூகுள் மேப்ஸ் தன் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் போடுவது "இதற்குள் எங்கேயோ" என்று ஒப்புக்கொள்வதற்குத்தான். பகிரும் ஆப் அந்த நேர்மையைப் பார்ப்பவர் பக்கமும் கொண்டுபோகிறதா? சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒருவரை நிற்கச் சொல்லி, அவர் எந்தச் சாலையில் இருக்கிறார் என்று இன்னொருவரைக் கேட்டுப் பாருங்கள், புரியும்.

பேட்டரி. பார்ப்பவருக்கு எதிராளியின் பேட்டரி அளவைக் கூகுள் மேப்ஸ் காட்டுகிறது. சின்ன விஷயம். ஆனால் அத்தை விஷயத்தில் அந்த "4%" என்ற ஒரு எண் இருந்திருந்தால் நான் அரை மணி நேரம் முன்பே கிளம்பியிருப்பேன்.

காட்டுபவர் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: நான் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு நினைவிருக்கிறதா? ஆப்பை மூடிவிட்டு வேறு எதையாவது பாருங்கள், யூடியூபில் ஒரு பாட்டு கேளுங்கள். பகிர்தல் ஓடிக்கொண்டிருப்பதற்கு ஏதாவது அடையாளம் கண்ணில் படுகிறதா? ஆண்ட்ராய்டில் இதற்கு அறிவிப்பு ஒன்று நிற்கும். ஆனால் ஆண்ட்ராய்டு 13-லிருந்து அந்த வகை அறிவிப்புகளை விரலால் தள்ளிவிடலாம். தள்ளிவிட்ட பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

வெயிலையும் மறக்காதீர்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேப்பின் வெளிர்மஞ்சள் தெருவும் வெளிர்சாம்பல் கட்டடமும் ஒன்றாகிவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் விதிகள் சொல்லும் அளவு. அதை மேசையில் அளந்துவிடலாம், ஆனால் வெயிலில் பார்ப்பது அதைவிட நம்பகமானது. ஒரு கையில் பை, பஸ் கம்பியை இன்னொரு கை பிடித்திருக்கும் நிலையில் கட்டைவிரலால் மட்டும் பட்டனைத் தொட முடிகிறதா? பட்டன் குறைந்தது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆப்பிள் 44 பாயின்ட் சதுரம் என்கிறது, கூகுள் 48 டிபி என்கிறது (இரண்டும் திரையளவு அலகுகள்), கூகுள் கணக்கில் அது சுமார் 9 மில்லிமீட்டர். ஓடும் பஸ்ஸில் எனக்கு அதுவே பத்தவில்லை.

5. நிறுத்திப் பாருங்கள்

எனக்கு ஒரே ஒரு திரையைச் சோதிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் எடுப்பேன்.

ஆரம்பிக்க எத்தனை தொடுதல், நிறுத்த எத்தனை தொடுதல் என்று எண்ணுங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். 2023-ல் வந்த இந்தியாவின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. அது தரவைக் கையாளும் நிறுவனத்துக்குத் தரும் ஒப்புதலைப் பற்றியது, தங்கைக்கு லொக்கேஷன் அனுப்புவதைப் பற்றியது அல்ல. ஆனாலும் வடிவமைப்பை அளக்க இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியாது.

அடுத்து, பலருக்குப் பகிர்ந்துவிட்டு எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க முடிகிறதா? வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்புகளுக்குள் லைவ் லொக்கேஷன் என்ற பகுதியில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அங்கே இருப்பது தெரிந்தவர் எத்தனை பேர்? சோதனைக்கு வருபவரிடம் "இப்போது உங்களை யார் யார் பார்க்க முடியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக உட்காருங்கள்.

பிறகு கொஞ்சம் கனமான கேள்வி. நிறுத்தினால் எதிராளிக்கு அது எப்படித் தெரிகிறது? "இன்னார் பகிர்வதை நிறுத்திவிட்டார்" என்று மணி அடித்துச் சொன்னால், நண்பர்களுக்குள் அது ஒரு சின்ன மனவருத்தம். சந்தேகப்படும் கணவனோடு வாழும் பெண்ணுக்கு அது ஆபத்து. சொல்லாமலே இருந்தால், பார்ப்பவர் பழைய புள்ளியை நம்பி ஏமாறுவார். இதற்கு ஒரே சரியான விடை என்று எதுவும் இல்லை, ஆனால் ஆப்பை உருவாக்கியவர்கள் யோசித்திருக்கிறார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஆப்பிள் 2022-ல் ஐஓஎஸ் 16-ல் சேஃப்டி செக் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. வன்முறைச் சூழலில் இருப்பவர், தான் யாருக்கெல்லாம் எதையெல்லாம் பகிர்கிறார் என்று பார்த்து ஒரேயடியாக நிறுத்த அது வழி செய்கிறது. "இந்த ஆப்பை ஒருவர் கட்டாயத்தின் பேரில் பயன்படுத்தினால்?" என்ற கேள்வியை உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

6. தமிழில் மாற்றிப் பாருங்கள்

போனின் மொழியைத் தமிழாக்கிவிட்டு அதே பணிகளை மறுபடி செய்யுங்கள். ஆங்கிலத்தில் நான்கெழுத்துப் பட்டன் தமிழில் மூன்று வார்த்தையாகும், பட்டன் வளராது. "இருப்பிடத்தைப் பகிர்வதை நிறு…" என்று பாதியில் தொங்கும். மேலே சுழியும் கீழே வாலும் வெட்டுப்பட்ட எழுத்துகளையும் பார்ப்பீர்கள்.

இவற்றைவிட மோசமானது, அர்த்தமே மாறும் இடம். "பகிர்வை ரத்துசெய்யவா?" என்று ஒரு பெட்டி. கீழே இரண்டு பட்டன்: "ரத்துசெய்", "சரி". எதைத் தொட்டால் பகிர்தல் நிற்கும்? உருவாக்கியவருக்குத் தெரியும், அது மொழிபெயர்ப்பில் வந்த விபத்து. உங்கள் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "நிறுத்து", "தொடரட்டும்" என்று இருந்தால் யாரும் தடுமாறமாட்டார்கள்.

அப்புறம், வீட்டில் யாரும் "இருப்பிடத்தைப் பகிர்" என்று சொல்வதில்லை, "லொக்கேஷன் அனுப்பு" என்றுதான் சொல்கிறோம். எது சரி என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. இரண்டையும் நான்கு பேரிடம் காட்டி, எதைப் பார்த்ததும் கை போகிறது என்று பாருங்கள்.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கையோ (ஆண்ட்ராய்டு) வாய்ஸ்ஓவரையோ (ஐபோன்) ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை. மேப் என்பது படம், அதைத் திரைவாசிப்பான் படிக்காது. "1.2 கிலோமீட்டர் தூரத்தில், 2 நிமிடம் முன்பு" என்று எங்காவது எழுத்தில் இருந்தால்தான் பார்வையற்றவருக்கு அந்த ஆப் இருக்கிறது.

7. ஐந்து பேரைக் கூப்பிடுங்கள்

இதுவரை நீங்களே பார்த்தீர்கள். இனி மற்றவர்கள். ஐந்து பேர் போதும் என்று யூசபிலிட்டி (பயன்படுத்த எவ்வளவு எளிது என்பது) ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் சொன்னது இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. ஆனால் ஐந்து பேரும் உங்கள் அலுவலகத்து இளைஞர்களாக இருந்தால் ஒரே ஆளை ஐந்து முறை கேட்ட மாதிரிதான். ஒரு கல்லூரிப் பெண், ஒரு டெலிவரி ஓட்டுநர், அறுபது தாண்டிய ஒருவர் என்று கலந்து கூப்பிடுங்கள்.

"நான் சோதிப்பது ஆப்பை, உங்களை அல்ல" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும்போது உதவக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லாத்தான்பா இருக்கு" என்பார்கள், உங்கள் மனம் நோகக் கூடாதே என்று. "எந்த இடத்தில் சந்தேகம் வந்தது?" என்று கேளுங்கள்.

எண்ணில் வேண்டுமென்றால் ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. 0 முதல் 100 வரை மதிப்பெண் வரும், 68 சராசரி என்று கொள்வது வழக்கம். அது சதவீதம் அல்ல. ஐந்து பேரிடம் வாங்கிய எண்ணை வைத்து மேலாளரிடம் ரொம்பப் பேசவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: பதிவில் அவர்கள் வீடும் நடமாட்டமும் விழுந்துவிடும். சோதனையைப் பொதுவான இடத்தில் வையுங்கள், அறிக்கைக்குப் போகும் படங்களில் மேப்பை மங்கலாக்குங்கள்.

8. எழுதுங்கள்

குறை ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, எந்த போனில், யாருக்கு என்ன பாதிப்பு என்று எழுதி, நீல்சனின் 0 முதல் 4 வரையிலான அளவில் ஒரு எண் போடுங்கள். 0 என்றால் குறையே அல்ல, 4 என்றால் இதைச் சரிசெய்யாமல் வெளியிடக் கூடாது. எண்ணைத் தனித்தனியாகப் போட்டுவிட்டுப் பிறகு கூட வந்தவரோடு ஒப்பிடுங்கள். என் பழைய குறிப்பிலிருந்து ஒன்று:

"தொடர்பு அறுந்த பிறகும் பார்ப்பவர் திரையில் புள்ளி அதே பச்சையில் இருக்கிறது, நேரம் எழுதப்படவில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும். பார்ப்பவர் தவறான இடத்துக்குப் போவார், அல்லது போக வேண்டிய நேரத்தில் போகமாட்டார். 4. பரிந்துரை: 2 நிமிடத்துக்கு மேல் புதுத் தகவல் வராவிட்டால் சாம்பல் நிறமாக்கி, கடைசியாகத் தெரிந்த நேரத்தை எழுதுக."

"பயனருக்குக் குழப்பமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து நிரல் எழுதுபவர் எதுவும் செய்ய முடியாது.

கடைசியாக, இரண்டு போனிலும் எல்லாப் பகிர்தலையும் நிறுத்திவிட்டுச் சோதனைக் கணக்குகளை அழியுங்கள். ஒருமுறை நான் மறந்துவிட்டேன். அந்த ஆப்பில் கால வரம்பு கிடையாது, நினைவூட்டலும் கிடையாது. நாலு நாள் கழித்து, கூட வந்த நண்பர் போனில் கூப்பிட்டு, "என்ன சார், தினம் ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பரோட்டாக் கடையிலயே இருக்கீங்க?" என்றார். அனுப்பிவிட்ட அறிக்கையைத் திரும்பத் திறந்து, அந்தக் குறைக்குப் போட்டிருந்த 2-ஐ அடித்துவிட்டு 4 என்று மாற்றினேன்.